கதை கேட்ட பிள்ளை கேள்வி கேட்கும்

(‘பிள்ளைகள் மனத்தில் பாடம் பதிவது பாடநூலாலா? படக்கதையாலா?’ என்ற தலைப்பில், காஞ்சிபுரத்தில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘படக்கதையாலே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பாடநூலை மடியில் வைத்துக்கொண்டு எதிரணியில் அமர்ந்திருக்கிற நண்பர்களே! என் அணித் தோழர்களே! காஞ்சி மாநகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! மேடைக்கு முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘இந்த சார் எப்போ முடிப்பாரு’ என்று பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தைச் செல்வங்களே! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஓர் உவமை சொன்னார். ‘பாடம்தான் சாப்பாடு. கதை என்பது சாப்பிட்டு முடித்தபின் போடுகிற வெற்றிலை பாக்கு. அதுவே சாப்பாடு ஆகாது’ என்றார். நல்ல உவமைதான். ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். கதை வெற்றிலை இல்லை ஐயா, வாழை இலை! இலையைப் போட்டால்தான் சோறு நிற்கும், சாம்பார் நிற்கும், பாயசமும் ஓடாமல் நிற்கும். இலையே போடாமல் கரண்டி கரண்டியாகச் சாம்பாரை ஊற்றினால் எங்கே போகும்? சட்டையில்தான் போகும்! இன்றைக்குப் பல வகுப்புகளில் பிள்ளைகள் மேல் பாடம் வழிந்துகொண்டிருக்கிறதே, காரணம் இதுதான். இலை போட ஆளில்லை. (கைதட்டல்)

இது என்னுடைய புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பஞ்சதந்திரம் எப்படித் தொடங்குகிறது? தென்னாட்டில் மகிளாரோப்பியம் என்று ஒரு நகரம். அதை ஆண்ட அமரசக்தி என்ற அரசனுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றுக்கும் படிப்பு ஏறவில்லை. அரசன் சபையைக் கூட்டிக் கேட்கிறான். அங்கே இருந்த பண்டிதர்கள், ‘இலக்கணம் படிக்கவே 12 வருஷம் ஆகும் மகாராஜா’ என்கிறார்கள். நம்ம எதிரணியின் முன்னோர்கள் அவர்கள்தான்! (சிரிப்பு) அப்போது விஷ்ணு சர்மா என்று ஒரு கிழவர் எழுந்து, ‘ஆறே மாதம் என்னிடம் விடுங்கள்’ என்கிறார். ஆறு மாதமும் என்ன செய்தார்? சிங்கத்தையும் மாட்டையும் நரியையும் பேச வைத்தார். அரசாங்கம் நடத்துவது எப்படி, நண்பனை அறிவது எப்படி, பகைவனை வெல்வது எப்படி என்று அத்தனையும் அந்தக் கதைக்குள் வைத்தார். அரசியல் தனிப் பாடம், அறம் தனிப் பாடம் என்று பீரியட் பிரிக்கவில்லை.

நடுவர் அவர்களே, இந்தப் பீரியட் என்கிற சங்கதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மணி அடித்தால் தமிழ் எழுந்து போகும், கணக்கு உள்ளே வரும். மறுபடி மணி அடித்தால் கணக்கு போகும், அறிவியல் வரும். உலகத்தில் அப்படியா நடக்கிறது? சந்தைக்குப் போகிற அம்மா கத்தரிக்காய் வாங்குகிறாள். விலை கேட்டால் கணக்கு. சொத்தையைப் பார்த்து ஒதுக்கினால் அறிவியல். பேரம் பேசினால் தமிழ்! (சிரிப்பு) இதற்கெல்லாம் நடுவில் யாராவது மணி அடிக்கிறார்களா? ஐந்து வயதுப் பிள்ளைக்கு உலகம் முழுசாக இருக்கிறது. அதைத் துண்டு போட்டுக் கொடுப்பவர்கள் நாம். துண்டுகளை மறுபடி ஒட்டிக் கொடுக்கிற பசைதான் கதை.

எதிரணி அம்மையார், ‘படம் போட்டுப் பாடம் சொல்வதெல்லாம் வெளிநாட்டு மோகம்’ என்றார்கள். வெளிநாட்டிலும் நடந்தது, உண்மைதான். 1658இல் கொமினியஸ் என்ற கல்வியாளர், உலகத்துப் பொருள்களையெல்லாம் படமாகப் போட்டு, படத்துக்குக் கீழே விளக்கம் எழுதி, நியூரம்பர்க் நகரத்தில் ஒரு பாடப்புத்தகம் வெளியிட்டார். பிள்ளைகளுக்கான படப்புத்தகங்களில் முன்னோடி என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அம்மா, நீங்கள் நிற்கிற ஊர் எந்த ஊர்? கல்விக்குக் கரையே இல்லாத ஊர் என்று நாவுக்கரசர் பாடிய ஊர். இங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. 1,200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் கட்டியது. அதன் திருச்சுற்று மண்டபச் சுவரை யாராவது நின்று பார்த்திருக்கிறீர்களா? பல்லவர் வரலாறு முழுவதையும் வரிசை வரிசையாகச் சிற்பமாகச் செதுக்கி, சில காட்சிகளுக்குக் கீழே விளக்கமும் வெட்டி வைத்திருக்கிறார்கள். படம், கீழே எழுத்து. இதற்குப் பெயர் என்ன? கல்லிலே போட்ட படக்கதைப் புத்தகம்! (கைதட்டல்)

அந்தச் சுவரில் என்ன கதை? அரசன் பிள்ளை இல்லாமல் இறந்துபோகிறான். நாட்டுக்கு அரசன் வேண்டும். அமைச்சர்களும் பெரியவர்களும் இரணியவர்மன் என்பவரிடம் போய், ‘உங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கொடுங்கள்’ என்று கேட்கிறார்கள். நான்கு பிள்ளைகள். மூத்தவர்கள் மூவரும் மறுத்துவிடுகிறார்கள். கடைசிப் பிள்ளை, வயது 12, ‘நான் போகிறேன்’ என்று எழுந்து நிற்கிறான். அப்பா தயங்குகிறார். பெரியவர்கள் தேற்றுகிறார்கள். பையன் புறப்பட்டு வந்து காஞ்சியில் முடிசூடுகிறான். அவன்தான் அந்த நந்திவர்மன்.

இப்போது சொல்லுங்கள். ‘இரண்டாம் நந்திவர்மன் கி.பி. 731இல் ஆட்சிக்கு வந்தான்’ என்று பாடநூலில் ஒரு வரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதைப் பரீட்சை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய், விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டு, அங்கேயே மறந்துவிட்டு வருவான். ஆனால் அதே பிள்ளையை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, ‘இந்தப் பையனுக்கு உன்னைவிட ரெண்டு வயசுதான்டா அதிகம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘அவங்க அம்மா அழலையா சார்?’ என்று கேட்பான். அந்தக் கேள்வி வந்துவிட்டதா? இனி அந்த நந்திவர்மனை அவன் வாழ்நாளில் மறக்கமாட்டான். அந்தச் சிற்பங்களை ஆராய்ந்து விளக்கியவர் டாக்டர் சி. மீனாட்சி. 1936இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. சுவரைப் பார்த்துக் கேள்வி கேட்டவர். அதனால்தான் நமக்கு விடை கிடைத்தது.

நடுவர் அவர்களே, என் கட்சியை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். பாடநூல் பிள்ளையிடம் கேள்வி கேட்கும். கதை, பிள்ளையைக் கேள்வி கேட்க வைக்கும். (கைதட்டல்)

நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். இந்த ஊரைச் சுற்றியுள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பு. அந்தத் தலைமையாசிரியை கையில் ஒரு படப்புத்தகம். எரிக் கார்ல் என்ற ஓவியர் 1969இல் போட்டது. பசி அடங்காத ஒரு புழுவின் கதை. திங்கட்கிழமை ஒரு பழம், செவ்வாய்க்கிழமை இரண்டு பழம் என்று தின்றுகொண்டே போய், கடைசியில் வண்ணத்துப்பூச்சியாகும். கிழமையும் வந்துவிட்டது, எண்ணும் வந்துவிட்டது, புழு பூச்சியாகிற அறிவியலும் வந்துவிட்டது. ஒரே ஒரு புழு!

கதையை முடித்த அந்த அம்மா, ‘இந்தப் புழு வெளியூர்ப் புழு. நம்ம ஊர்ப் புழு ஒண்ணு இருக்கு, தெரியுமா?’ என்றார்கள். ‘பட்டுப்புழு!’ என்று வகுப்பே கத்தியது. காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் அல்லவா! பிறகு கரும்பலகையில் படம் போட்டுக் கதை சொன்னார்கள். எறும்பு மாதிரி பிறக்கிறது. முசுக்கொட்டை இலையைத் தவிர வேறொன்றும் தின்னாது. ஏறக்குறைய 25 நாள் தின்றுகொண்டே இருக்கும். நான்கு தடவை சட்டையை உரிக்கும். பிறகு வாயிலிருந்து நூல் விட்டுத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். ஒரு கூட்டில் இருக்கிற நூல் ஒரே இழை. அது ஒரு கிலோமீட்டர் வரைக்கும் நீளும். ‘அப்போ, உன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எத்தனை புழு தூரம்?’ என்று கேட்டார்கள். ‘எனக்கு ரெண்டு புழு டீச்சர்!’ ‘எனக்கு அரைப் புழு டீச்சர்!’ (சிரிப்பு) அரை என்ற பின்னம் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டது. பின்னம் என்ற சொல்லே வகுப்பில் வரவில்லை!

அப்புறம் தேசப்படம். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது என்று கோடு இழுத்தார்கள். புவியியல் முடிந்தது. கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுப்பார்கள் என்று சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்தாள். நெசவாளர் வீட்டுப் பிள்ளை.

‘டீச்சர், வெந்நீர்ல போட்டா உள்ள இருக்கிற புழு என்ன ஆகும்?’

வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. அந்த அம்மா மழுப்பவில்லை. ‘செத்துப்போகும்மா’ என்றார்கள். அந்தக் குழந்தையின் முகம் வாடிப்போயிற்று. அதன் வீட்டுச் சோறு அந்த நூலில்தானே இருக்கிறது! ‘சரி, அந்தப் புழுவுக்கு என்ன சொல்லணும்னு தோணுதோ, அதை ஒரு கடிதமா எழுது’ என்றார்கள். கடிதம் எழுதுதல். தமிழ்ப் பாடம்! அந்தப் பெண் எழுதியதை நான் வாங்கிப் படித்தேன். ‘புழுத் தம்பி, நீ எங்களுக்காகச் செத்துப்போயிட்ட. உன் நூலை எங்க அப்பா ஒரு முழம்கூட வீணாக்க மாட்டாரு.’

நடுவர் அவர்களே, நானும் தமிழில் டாக்டர் பட்டம் வாங்கியவன். அந்த இரண்டு வரியை என்னால் எழுத முடியாது. எந்தப் பாடநூலின் பயிற்சிப் பகுதியில் ஐயா இந்த விடை இருக்கிறது? (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர் குறுக்கிட்டு, ‘இதெல்லாம் மனசைத் தொடும், மார்க் வருமா?’ என்கிறார். வரும். கணக்கையே எடுத்துக்கொள்வோம். ‘ராமுவின் வயது 6. நாற்பது ஆண்டுகள் கழித்து அவன் வயது என்ன?’ இது பாடநூல் கணக்கு. அந்த ராமு யார், எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. அவன் வயதைத் தெரிந்துகொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம், பெண்ணா கொடுக்கப் போகிறோம்? (சிரிப்பு) இதையே இப்படிக் கேட்போம். நம்ம ஊர் அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்துக்குள் பள்ளிகொண்டிருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒரு தடவைதான் வெளியே வருவார். 1979இல் வந்தார். 2019இல் 48 நாள் தரிசனம் தந்தார். இனி எப்போது வருவார்? அப்போது உனக்கு என்ன வயது? உன் பாட்டிக்கு 1979இல் என்ன வயது? இதற்கு முன்பும் பார்த்த கொள்ளுப்பாட்டி இருந்தால், அது எந்த ஆண்டு? பிள்ளைகள் விரலை மடக்குகிற வேகத்தைப் பாருங்கள்! 2019இல் ஆறு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு 2059இல் 46 வயது. ‘அப்போ என் தோள்ல ஒரு பிள்ளை இருக்கும் சார்’ என்றான் ஒருவன். அந்தக் கணக்குக்கு எத்தனை மார்க் போடுவது? (கைதட்டல்)

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

நான் பிறந்தது இதே ஊர், பிள்ளையார்பாளையம். அப்பா நெசவாளி. குழித்தறி. கோர்வைச் சேலை நெய்ய வேண்டுமென்றால் உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், மூன்று நாடா ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை ஒரு காலத்தில் பெரும்பாலும் குழந்தையின் கையாகத்தான் இருந்தது. வீட்டில் கல்யாணம், காய்ச்சல் என்று முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். அந்தக் கடனுக்காக எட்டு வயதுப் பிள்ளை தறிக்குழியில் இறங்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் புரியாமல் பின்வரிசைக்குப் போன பிள்ளையைத்தான் அந்தக் குழி முதலில் இழுத்துக்கொள்ளும். ‘படிப்புதான் ஏறலையே, தறியிலாவது உட்காரட்டும்’ என்பார்கள்.

1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. தறியிலிருந்தும் பட்டறையிலிருந்தும் மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் தொடங்கினார்கள். தொண்ணூறுகளில், நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலம், அப்படி மீண்டு வந்த பிள்ளைகள் படித்த ஒரு வகுப்புக்குப் போயிருந்தேன். பதினோரு வயதுப் பையன் ஒருவன். அவன் முன்னால் அரிச்சுவடியை வைத்தார்கள். ‘இது பாப்பா புக்கு சார்’ என்று தள்ளிவிட்டான். அவனுக்குக் கோபம். நியாயமான கோபம்! மூன்று வருஷம் குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்டவன் கையில் அணிலையும் ஆட்டையும் கொடுத்தால்? ‘இவனுக்குக் கணக்கே வராது’ என்று ஏற்கனவே யாரோ அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அங்கிருந்த இளம் ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? கட்டம் போட்ட தாளை எடுத்து, ஒரு மயிலை வரைந்து காட்டினார். சேலையில் மயில் வர வேண்டுமென்றால் முதலில் கட்டத்தாளில்தான் வரைவார்கள். அந்தக் கட்டங்கள்தான் எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று தறிக்குச் சொல்லும். அதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை போட்டு ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். பையன் எட்டிப் பார்த்தான். ‘சார், கொண்டையில ரெண்டு கட்டம் குறையுது’ என்றான். (கைதட்டல்) ஐயா, கணக்கு வராத பையன்! தாளில் இருந்த கட்டத்தையெல்லாம் கண்ணாலேயே எண்ணிவிட்டான். அந்த மயிலுக்கு ஒரு கதை கட்டினார்கள். மயில் சேலையிலிருந்து இறங்கி ஊர் சுற்றப் போகிறது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி. அவன் சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதினார். பிறகு, தான் சொன்ன வரியைத் தானே படிக்க ஆசைப்பட்டு எழுத்துக்கூட்டத் தொடங்கினான். ‘அ’வில் தொடங்க மறுத்தவன் ‘மயி’லில் தொடங்கினான்!

கணக்கு அவனிடம் இருந்தது. நம்முடைய பாடநூலுக்குத்தான் அவனிடம் போக வழி தெரியவில்லை. படமும் கதையும் வழி காட்டின. அதனால்தான் சொல்கிறேன், வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கதைப்புத்தகம் ஒரு பொழுதுபோக்காக இருக்கலாம். வீட்டில் காலண்டரைத் தவிர வேறு அச்செழுத்தே இல்லாத பிள்ளைக்கு அது பள்ளிக்கூடத்தின் வாசற்படி. அந்தப் படியை எடுத்துவிட்டால், உயரக் குறைவான பிள்ளை உள்ளே ஏறமாட்டான். வெளியே நின்றுவிடுவான். வெளியே என்ன காத்திருந்தது என்பது இந்த ஊருக்குத் தெரியும்.

அரசாங்கத்துக்கும் இது புரிந்திருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் படமும் அட்டையுமாகச் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுவதும் வந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021இல் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் திண்ணையில் உட்கார்ந்து கதையும் பாட்டுமாகத்தான் பிள்ளைகளை மறுபடி கூட்டினார்கள். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளின் நிலைக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: அரும்பு, மொட்டு, மலர். 2023இல் வாசிப்பு இயக்கம் வந்தது. சின்னச் சின்னக் கதைப்புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. ‘பெயில்’ என்ற படியே இல்லை! (கைதட்டல்)

எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதத்தான் வேண்டும். கதை கேட்டால் மட்டும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வந்துவிடாது. பாடநூலே வேண்டாம் என்று நான் சொன்னால் வீட்டில் என் மனைவியே என்னை விடமாட்டாள். அவளும் ஆசிரியை! (சிரிப்பு) ஆனால் எங்கள் கேள்வி பாடம் பதிவது எதனால் என்பது.

இந்த ஊர்த் தொழிலிலேயே விடை இருக்கிறது. நன்னூலில் பவணந்தி முனிவர், புத்தகம் என்கிற நூலைப் பஞ்சில் நூற்கிற நூலோடு ஒப்பிட்டுச் சொல்கிறார். நான் ஒரு படி மேலே போய்த் தறிக்கு வருகிறேன். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவு இல்லாமல் நெய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பாடநூல்தான் பாவு. ஆனால் வெறும் பாவை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு யாராவது கல்யாணத்துக்குப் போக முடியுமா? ஊடை ஓடாதவரைக்கும் அது சேலை இல்லை, நூல்தான். பாடநூலும் அப்படித்தான். கதை குறுக்கே ஓடி, தமிழைக் கணக்கோடும் கணக்கை அறிவியலோடும் பிணைக்காதவரைக்கும் அதுவும் வெறும் நூல்தான்! (நீண்ட கைதட்டல்)

பெற்றோர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் காலணி வாங்குகிறோம், தண்ணீர் பாட்டில் வாங்குகிறோம், டியூஷனுக்குப் பணம் கட்டுகிறோம். இந்த மாதம் ஒரு படக்கதைப் புத்தகம் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் நூலகத்தில் எடுங்கள். அதுவும் முடியாவிட்டால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்கு முன்னால் நில்லுங்கள். அதற்குக் காசே வேண்டாம். படத்தைக் காட்டிக் கதை சொல்லுங்கள். நடுவில் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், ‘சும்மா இரு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்வி வந்த இடத்தில்தான் பாடம் பதிந்திருக்கிறது.

ஆகவே நடுவர் அவர்களே, பிள்ளைகள் மனத்தில் பாடம் பதிவது படக்கதையாலே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.